புல்லாங்குழலுக்கு அடியில்

மௌஸை இரண்டாவது தடவையாகச் சுவரில் எறிவதற்கு முன்னால் டிரைவிங் டீச்சர் ஒரு விநாடி யோசித்தாள். யோசித்துவிட்டு எறிந்தாள்.

"கம்ப்யூட்டர் கனமா இருக்கறது எவ்வளவு நல்லது பாருங்க மேடம்" என்றான் ஆன்டெனா, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேடத்துக்கு யாருடைய நகைச்சுவையும் பிடிக்காது. இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைத் துருவித் துருவிக் கண்டுபிடித்தவர், இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். ஆன்டெனா அவருடைய ஒரே உதவியாளன். ஆறடி இரண்டங்குலம், ஈர்க்குச்சி உடம்பு. டி.வி., வீடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவன். கடையை மூடினான், வாயை மூடவில்லை.

"நாலு மாசமா இதோட மல்லுக்கட்டறேன்" என்றாள் டீச்சர். தினமும் பத்துப் பேருக்குக் கிளட்ச் எது, பிரேக் எது என்று குரல் உயராமல் சொல்லிக்கொடுப்பவள். அந்தப் பொறுமை முழுவதும் வேலையிலேயே தீர்ந்துவிடும்போல. "ஆரம்பிச்சதும் படம் கறுப்பாப் போகும். கறுப்பு போனா படம் ஆடும். ஆட்டம் நின்னா சத்தம் முன்னாடி ஓடும். வாய் இப்பத்தான் அசையும், பேச்சு அப்பவே முடிஞ்சிருக்கும்."

"எங்க வீட்டுலயும் அப்படித்தான். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பேச்சு முடிஞ்சிருக்கும்" என்று சொல்லியபடி ஆன்டெனா மேஜைக்கு அடியில் குனிந்தான்.

மேஜை மேல் ஒரு பழைய வீடியோ பிளேயர். அதிலிருந்து ஒயர்கள் டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றித்தரும் ஒரு தீப்பெட்டி அளவுப் பெட்டிக்குப் போய், அங்கிருந்து கம்ப்யூட்டருக்குப் போயின. பிளேயருக்குள் இருந்த டேப்புக்கு இருபத்து நாலு வயது. அதற்காகத்தான் மேடத்தை அவள் அழைத்திருந்தாள்.

டேப்பில் இருந்தது ஒரு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் ஆண்டு விழா. முன்பக்கக் கொட்டகையில் விழா நடந்தது. பின்பக்கம் பசை ஒட்டும் அறையில் அவசர ஆர்டருக்காக மூன்று பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். தீப்பிடித்தது. பின்கதவு வெளியிலிருந்து பூட்டியிருந்தது. மூவரும் கதவடியிலேயே கருகிக் கிடந்தார்கள். சாவிக்குப் பொறுப்பு, டீச்சரின் அப்பா. தொழிற்சாலையின் போர்மேன்.

இரண்டரை வருடம் சிறை. அதைவிட நீளமான தண்டனை மகளுக்கு. பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயர் கிடையாது. 'பூட்டுக்காரன் பொண்ணு'. அவ்வளவுதான்.

"வர்ற புதன்கிழமை அந்த இடத்துல நினைவுக்கல் திறக்கறாங்க. கல்லு வெட்டற பட்டறைக்குப் போய் நானே பாத்தேன். மூணு பேர் பேரு, அதுக்குக் கீழ, 'பின்கதவைப் பூட்டிய போர்மேனின் அலட்சியத்தால்'. கல்லுல வெட்டறாங்க மேடம். பேப்பர்ல வந்தாக்கூட ஒருநாள் கிழிஞ்சு போகும்."

"அப்பா என்ன சொல்றார்?"

"அவருக்குப் பக்கவாதம் வந்து பதினாலு மாசம் ஆச்சு. பேச்சு போயிடுச்சு." உள் அறையைப் பார்த்தாள். திறந்திருந்த கதவு வழியாகக் கட்டிலில் சாய்ந்திருந்த பெரியவரின் கால்கள் மட்டும் தெரிந்தன. "பேச்சு இருந்தப்பவும் சொல்லல. கேஸ்லயும் வாயைத் திறக்கல. ஃபேக்டரி ஓனர்தான் பூட்டச் சொல்லியிருப்பான். அவனுக்குப் பயந்துக்கிட்டு மென்னு முழுங்கிட்டார்."

ஆன்டெனா பிளேயரின் மூடியைக் கழற்றியிருந்தான். உள்ளே உருளும் தலைப்பகுதியில் ஸ்பிரிட்டில் நனைத்த வெள்ளைத் தாளை வைத்து அசையாமல் பிடித்துக்கொண்டு, உருளையை விரலால் சுற்றினான். தாளில் கரி படிந்தது. "கறுப்புக்குக் காரணம் இது. ஹெட்டுல அழுக்கு." டேப்பைக் கடைசிவரை ஓடவிட்டுத் திரும்பச் சுற்றினான். "வருஷக்கணக்கா சும்மா கிடந்ததால தளர்ந்து போச்சு. அதான் ஆட்டம்." பிறகு தீப்பெட்டியின் ஒயரை, செல்போன் சார்ஜரோடு பங்கு போட்டுக்கொண்டிருந்த இணைப்பிலிருந்து பிடுங்கி, கம்ப்யூட்டரின் முதுகில் நேராகச் செருகினான். "பென்டிரைவ்ல பதியாதீங்க, உள் டிஸ்க்குல பதியுங்க. பென்டிரைவ் மெதுவா எழுதும். பாதிப் படத்தை விட்டுடும், சத்தம் மட்டும் ஓடிப்போகும்."

"அவ்வளவுதானா?" டீச்சருக்கு அதற்கும் கோபம் வந்தது. "நாலு மாசம்."

"இதெல்லாம் தானா வந்த கோளாறு. இனிமேதான் யாரோ பண்ண கோளாறு" என்றார் மேடம். அவர் கேசட்டை வாங்கி, அதன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆன்டெனா, இது என்ன?"

ஓரத்தில் சிறிய சதுர ஓட்டை. அதன் மேல் பழுப்பேறிய செலோடேப் துண்டு.

"பதிவு முடிஞ்சதும் அந்த பிளாஸ்டிக் பல்லை உடைச்சிடுவாங்க மேடம். உடைச்சா அதுக்கு மேல எதையும் பதிய முடியாது. ஓட்டையை அடைச்சா மறுபடி பதியலாம். பல்லு விழுந்தவங்களுக்குப் பல்செட் கட்டற மாதிரி."

"வீடியோக்காரர் வேலையை முடிச்சுப் பல்லை உடைச்சார். அதுக்கப்புறம் யாரோ வந்து ஒட்டி, எதையோ பதிஞ்சிருக்காங்க" என்றார் மேடம். "போடு."

படம் ஓடியது. இந்தத் தடவை கறுப்பும் இல்லை, ஆட்டமும் இல்லை. மூலையில் கேமராவின் கடிகாரம். விழா தொடங்கும் முன் ஒலிபெருக்கியில் புல்லாங்குழல் இசை. பிறகு பேச்சு, மாலை, கைதட்டல். பதினொன்று இருபத்திரண்டுக்குப் பேச்சு சட்டென்று நின்று, மறுபடி புல்லாங்குழல். மேடையில் ஒருவர் வாயசைத்துக்கொண்டே இருந்தார். கேமராவுக்குப் பக்கத்தில், திரையின் விளிம்பில், கறுத்த மீசையோடு போர்மேன். கையில் சாவிக்கொத்து. திரைக்கு வெளியே நின்ற யாரிடமோ பேசினார். தலையை ஆட்டி மறுத்தார். கேமரா மேடைப்பக்கம் திரும்பிவிட்டது. நான்கு நிமிடம் கழித்து இசை நின்று பேச்சு திரும்பியபோது, விளிம்பில் யாரும் இல்லை.

"கோர்ட்ல மனுப் போட்டு வாங்கின டேப். இதைக் காட்டித்தான் உள்ள தள்ளினாங்க. சாவியோட நிக்கறார், பத்து நிமிஷத்துல தீ" என்றாள் டீச்சர். "மேடையைப் பாருங்க. நடு நாற்காலி காலி. ஓனர் அதுல இல்ல. கீழ இறங்கி எங்கப்பாகிட்ட நிக்கறான். அந்தப் பேச்சைத்தான் அழிச்சிருக்காங்க."

"பேச்சு போரடிச்சா இசை போடறது அந்தக் காலத்து வழக்கம்தான்" என்றான் ஆன்டெனா. "நானே ஒரு அமைச்சர் பேச்சுக்கு மழைச் சத்தம் போட்டிருக்கேன். அவருக்கு ரொம்பப் பிடிச்சுது."

"முதல் புல்லாங்குழலைப் போடு" என்றார் மேடம். கேட்டார். "இப்ப ரெண்டாவது." மறுபடி கேட்டார். இரண்டிலும் ஓர் இடத்தில், மூச்சு நீண்டு போகும்போது, குழல் எச்சில் விழுங்குவதுபோல ஒரு தரம் விக்கியது.

"கேசட் கசங்கிய இடம்" என்றான் ஆன்டெனா.

"ஒரே கேசட். விழாவில மைக் செட் போட்டவனோட கேசட். வீடியோக்காரரோ ஓனரோ போட்டிருந்தா வேற ஏதாவது பாட்டு போட்டிருப்பாங்க. இது மைக் செட்காரன் கைக்குக் கிடைச்சது." மேடம் டீச்சர் பக்கம் திரும்பினார். "மைக் செட் யாரு?"

"எனக்கு அப்ப பத்து வயசு. தெரியாது. ஓனர் தன் ஆளை யாரையாவது வெச்சிருப்பான்."

ஆன்டெனா ஹெட்போனை மாட்டியிருந்தான். வலது பக்கத்தைத் தட்டினான். இடது பக்கத்தைத் தட்டினான். "ஏங்க, உங்களுக்கு எப்பவுமே இடது காதுல மட்டும்தான் கேட்குமா?"

"ஆமா. சிவப்பு ஒயரை மாட்ட இடமே இல்ல." தீப்பெட்டியிலிருந்து வந்த மூன்று ஒயர்களில் மஞ்சளும் வெள்ளையும் பிளேயரில் ஏறியிருந்தன. சிவப்பு, மேஜை விளிம்பில் சும்மா தொங்கியது. "பிளேயர்ல ரெண்டு ஓட்டைதான் இருக்கு."

ஆன்டெனா மெதுவாக நிமிர்ந்தான். அவன் மெதுவாக நிமிர்வது அபூர்வம்.

"மேடம், சாதா பிளேயர் டேப்போட ஓரத்துல இருக்கற மெல்லிசான சத்தக் கோட்டை மட்டும்தான் படிக்கும். நல்ல கேமராவா இருந்தா அதே சத்தத்தைப் படத்துக்கு அடியிலயும் இன்னொரு தடவை பதிஞ்சிருக்கும். ஹை-ஃபைன்னு சொல்லுவோம். மேல இசை போட்டா ஓரத்துக் கோடுதான் அழியும். அடியில இருக்கறதை அழிக்கணும்னா படத்தையும் சேர்த்து அழிக்கணும்."

"படம் அழியல" என்றார் மேடம்.

"அழியல. இது தோள்ல வெச்சு எடுக்கற பெரிய கேமரா. கல்யாண மண்டபத்துல குழந்தைங்களைப் பயமுறுத்துமே, அது. அந்த வகையில பாதிக்கு மேல ஹை-ஃபைதான். என் வீட்டுல ஒரு டெக் தூங்குது. படிச்சுக் காட்டும்."

"இந்தப் பிளேயர் யாரோடது?" என்று டீச்சரிடம் கேட்டார் மேடம்.

"மாமா குடுத்தார். அம்மாவோட தம்பி." டீச்சரின் முகம் முதல் தடவையாக இளகியது. "அப்பா உள்ள இருந்தப்ப எங்களுக்கு அவர்தான் எல்லாம். அம்மா போனதுக்கப்புறமும் அவர்தான். ஞாயித்துக்கிழமையானா பதினோரு மணிக்கு வந்து அப்பாவுக்கு ஷேவ் பண்ணி விடுவார். என் ஃபிரெண்டு ஒருத்தி பெரிய டெக் தர்றேன்னாதான். அது டேப்பைத் தின்னுடும், இதுதான் நல்லதுன்னு மாமாவே தேடிக் கொண்டு வந்து குடுத்தார்."

"மாமா என்ன வேலை பார்த்தார்?"

"சவுண்ட் சர்வீஸ்" என்றாள் டீச்சர். சொல்லிவிட்டு, மேடம் ஏன் தன்னையே பார்க்கிறார் என்று புரியாமல், "இந்த ஊர்ல சவுண்ட் சர்வீஸ் ஒருத்தரா வெச்சிருக்காங்க?" என்றாள், குரல் சற்றே உயர.

மேடம் ஆன்டெனாவைப் பார்த்தார். அவன் ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

மாமா பதினோரு மணிக்கு வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி கலையாத சட்டை. கையில் ஷேவிங் சாமான்கள் வைத்த சிறிய பை. வந்ததும் டீச்சரின் தலையைத் தடவினார். அறையிலிருந்த புதிய மனுஷியைப் பார்த்துக் கைகூப்பினார். "பாப்பா சொன்னா. இவ்வளவு தூரம் இழுத்துட்டாளா உங்களை? அந்த டேப்புல ஒண்ணும் மிச்சமில்லைன்னு நானே எத்தனை தடவை சொல்லிட்டேன்."

"உங்க அனுபவத்துல சொல்லுங்க. அந்த இசை எப்படி வந்திருக்கும்?" என்று கேட்டார் மேடம்.

"ஓனர் வேலைதான். வீடியோக்காரனை மிரட்டிப் போடச் சொல்லியிருப்பான். பெரிய இடம். நாம என்ன பண்ண முடியும்?" உள் அறைக்குப் போய், கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். பிரஷ்ஷால் நுரையைக் குழைத்தார். போர்மேனின் தாடையை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினார். பெரியவரின் கண்கள் கூரையில் இருந்தன.

வாசலில் ஆட்டோ நின்றது. ஆன்டெனா ஒரு பெரிய கறுப்பு டெக்கைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். "நகருங்க நகருங்க, மாப்பிள்ளை வந்தாச்சு." மேஜையில் இறக்கி, மஞ்சளை மாட்டினான், வெள்ளையை மாட்டினான். சிவப்பையும் மாட்டினான்.

உள் அறையிலிருந்து மாமா எட்டிப் பார்த்தார். "என்னது அது?"

"ரெண்டு காது உள்ள மிஷின்" என்றான் ஆன்டெனா.

மாமா எழுந்து வந்தார். கையில் ரேஸர் அப்படியே இருந்தது. "இத்தனை வருஷத்து டேப்பைப் போய் அதுல போடறீங்களே. அறுந்துடும். பாப்பா, சொல்லும்மா. எடுக்கச் சொல்லு."

"இருங்க மாமா. பாக்கலாம்."

"நான் சொல்றேன்ல." குரல் திடீரென்று தடித்தது. இந்த வீட்டில் யாரும் அந்தக் குரலைக் கேட்டதில்லை. சுவரில் இருந்த சுவிட்சை நோக்கி அவர் கை போனது.

மேடம் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். அழுத்திப் பிடிக்கவில்லை, ஆனால் விடவும் இல்லை. "ரேஸரைக் கீழ வெச்சுட்டு உக்காருங்க" என்றார். "சவுண்ட் சர்வீஸ் நடத்தின ஆளு, தேடிப் பிடிச்சு ஒரு காது மிஷினைக் கொண்டு வந்து குடுத்தீங்க. ரெண்டு காது மிஷினை வேணாம்னீங்க. உங்களுக்கு வித்தியாசம் தெரியாதுன்னு என்னை நம்பச் சொல்றீங்களா?"

ஆன்டெனா டெக்கின் முன்பக்கத்தில் ஒரு சிறிய பொத்தானை ஹை-ஃபைக்குத் தள்ளினான். படம் பதினொன்று இருபத்திரண்டுக்கு வந்தது.

புல்லாங்குழல் இல்லை.

ஒலிபெருக்கியில் யாரோ உற்பத்தியைப் பற்றிப் பேசுவது தூரத்தில் கேட்டது. கேமராவுக்கு மிக அருகில், இளமையான ஓர் ஆண் குரல்:

"மச்சான், பின்கதவு சாவியைக் குடுங்க. என் ஆம்ப்ளிஃபயர், பாக்ஸ் எல்லாம் அங்கதான் கெடக்கு. போன தடவை மாதிரி எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்."

"வேணாம் மாப்ளே." கறுத்த மீசை தலையை ஆட்டியது. "உள்ள மூணு பொம்பளைங்க வேலை பாத்துக்கிட்டிருக்காங்க. அந்தக் கதவைப் பூட்டக் கூடாது."

"பத்து நிமிஷம் மச்சான். பேச்சு முடிஞ்சதும் நானே போய்த் திறந்துடறேன். சம்சாரத்தோட தம்பியை நம்ப மாட்டீங்களா?"

கேமரா மேடைக்குத் திரும்பியது. படத்துக்கு வெளியே சாவிக்கொத்து குலுங்கும் சத்தம்.

"பத்து நிமிஷம்தான். மறந்துடாத."

ஆன்டெனா நிறுத்தினான். இருபத்து நாலு வருடமாக டீச்சர் ஒரு முதலாளியின் குரலுக்காகக் காத்திருந்தாள். எந்த முதலாளியும் தன் போர்மேனை மச்சான் என்று கூப்பிட மாட்டான். இந்த உலகத்தில் அவள் அப்பாவை அப்படிக் கூப்பிட ஒரே ஒருத்தருக்குத்தான் உரிமை இருந்தது. அவர் அவளுக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்களா மைக் செட் போட்டீங்க?" என்றாள். கத்தவில்லை. கிளட்ச் எது என்று சொல்லித்தரும் அதே குரல்.

மாமா தன் கைகளைப் பார்த்தார். "பூட்டிட்டு வந்தேன் பாப்பா. அதுக்குள்ள மைக் ஊளையிட ஆரம்பிச்சுது. சரி பண்ண ஓடினேன். மறந்துட்டேன். சாவி என் பாக்கெட்டுல இருந்துச்சு. மறந்தே போச்சு."

"தீப்பிடிச்சப்ப?"

"ஓடிப் போனேன். கிட்ட போக முடியல."

"அப்பாவைப் பிடிச்சுட்டுப் போனப்ப?"

"அக்காதான். அன்னிக்கு ராத்திரியே ஸ்டேஷனுக்குப் போய் மச்சான் கால்ல விழுந்தா. என் சம்சாரத்துக்கு அப்ப எட்டு மாசம். மச்சான் சரின்னுட்டார். நான் கேக்கல பாப்பா. அக்காதான் கேட்டா."

இறந்துபோன அம்மாவும் இந்தக் கணக்கில் சேர்ந்தாள். டீச்சர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த டேப்பை எப்படித் தொட்டீங்க?" என்று கேட்டார் மேடம்.

"வீடியோக்காரரும் நானும் ஒரே கடையிலதான் இருந்தோம். மறுநாள் அவர் சாப்பிடப் போனப்ப ஓட்டையை அடைச்சு இசையை ஏத்தினேன். படத்தையும் அழிச்சா போலீசுக்குச் சந்தேகம் வரும்."

"அதனால அவரை உள்ள தள்ற படத்தை விட்டுட்டு, வெளியில கொண்டு வர்ற சத்தத்தை மட்டும் அழிச்சீங்க" என்றார் மேடம். இருபது வருட இன்ஷூரன்ஸ் வேலையில் எத்தனையோ பொய்யர்களைப் பார்த்திருக்கிறார்; யாரிடமும் இப்படிக் குரலை உயர்த்தியதில்லை. "அக்கா கேட்டதுல வேணா உங்களுக்குப் பங்கு இல்லாம இருக்கலாம். அந்தச் செலோடேப்பை உங்க அக்கா ஒட்டல. ஒரு ஆம்ப்ளிஃபயருக்காக மூணு உயிரு. அது மறதி. இது மறதி இல்ல."

மேடம் மாமாவிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஏதாவது சொல்லித் தொலை" என்று ஆன்டெனாவிடம் முணுமுணுத்தார்.

"ஒண்ணும் வரல மேடம்" என்றான் ஆன்டெனா.

உள் அறையில் கட்டில் முனகியது. போர்மேன் எழ முயன்றுகொண்டிருந்தார். பாதி முகத்தில் நுரை காய்ந்திருந்தது. அவருக்குக் கேட்டிருந்தது. அவர் குரல்தான் அது. பதினாலு மாதமாக அந்த வீட்டில் இல்லாத குரல்.

டீச்சர் உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று ஆன்டெனா நினைத்தான். அவள் அழவில்லை.

"என்னைக் கேட்டீங்களா?" என்றாள் அப்பாவிடம். "அம்மா கால்ல விழுந்தா, நீங்க சரின்னுட்டீங்க. ரெண்டு பேரும் பேசி முடிச்சீங்க. ரெண்டரை வருஷம் உங்களுக்கு. எனக்கு எத்தனை வருஷம்னு யாராவது யோசிச்சீங்களா? வகுப்புல என் பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க. தீயில செத்துப்போன ஒரு அம்மாவோட பையன் அதே வகுப்பு. என்னைப் பாத்தாலே எழுந்து போயிடுவான். நான் அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கேன்பா. பதினோரு வயசுல, பண்ணாத தப்புக்கு, ஸ்கூல் குழாயடியில நின்னு. நீங்க பெரிய தியாகி. நான் யாரு?"

போர்மேனின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சத்தம் வந்தது, சொல் வரவில்லை. இடது கையை உயர்த்தினார். மகளைத் தொட அல்ல. தன் முகத்திலிருந்த நுரையை முழுவதுமாக வழித்து, போர்வையில் துடைத்தார். பிறகு அதே கையால் வெளி அறையில் இருந்த கம்ப்யூட்டரைக் காட்டினார். மறுபடி காட்டினார்.

"போடச் சொல்றார்" என்றான் ஆன்டெனா மெதுவாக.

"போடுங்க. எத்தனை தடவை கேக்கறாரோ அத்தனை தடவை போடுங்க. ரெண்டு காப்பி எடுத்து வையுங்க" என்றாள் டீச்சர். துண்டை நனைத்து அப்பாவின் முகத்தைத் துடைத்தாள். கோபம் தணியவில்லை, கை மட்டும் பதமாக இருந்தது. துடைத்து முடித்ததும், ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"வண்டியில ஏறுங்க மாமா."

மாமா எழுந்தார். ஒரே காலையில் பத்து வயது கூடியிருந்தது. "போலீசுக்கா?"

"அது நாளைக்கு. மேடம் கூட வருவாங்க. கல்லு பட்டறைக்கு இப்பவே போன் பண்ணிடுவாங்க." மேடம் தலையசைத்தார், ஏற்கெனவே போனைக் கையில் எடுத்திருந்தார். "இப்ப நாம மூணு வீட்டுக்குப் போறோம். மூணு வீடும் எனக்குத் தெரியும். சின்ன வயசுல அந்தத் தெருப் பக்கம் வராதேன்னு துரத்தியிருக்காங்க. அங்க போய் நீங்க சொல்லணும், எங்கப்பா பூட்டலைன்னு. நான் வாசல்லயே நிப்பேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"பாப்பா, அவங்க என்னை அடிச்சே கொன்னுடுவாங்க."

"தெரியல மாமா. என்னை அடிக்கல. துப்பினாங்க."

தெருவில் டிரைவிங் ஸ்கூல் கார் நின்றது. வெள்ளை நிறம், கூரையில் சிவப்புப் பலகை. ஆன்டெனா பெரியவரோடு வீட்டிலேயே இருந்துகொண்டான். மேடம் பின்னால் ஏறினார். டீச்சர், மாணவர்கள் உட்காரும் ஸ்டியரிங் இருக்கையில் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கை தினமும் அவள் உட்காரும் இடம். இன்று அதில் மாமா. திறந்த ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளிருந்து கேட்டது: வேணாம் மாப்ளே. அந்தக் கதவைப் பூட்டக் கூடாது. சற்று இடைவெளி விட்டு, மறுபடியும் அதே குரல்.

டீச்சர் வண்டியைக் கிளப்பினாள். கிளம்பும் முன் மாமாவின் கால்களைப் பார்த்தாள்.

"அந்தப் பக்கமும் ஒரு பிரேக் இருக்கு" என்றாள். "கத்துக்கறவங்க பயந்து போனா நான் மிதிக்கறதுக்கு. நீங்க அதுல கால் வெக்காதீங்க."

மாமா இரண்டு கால்களையும் இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். கார் முதல் வீட்டை நோக்கித் திரும்பியது.